ஆஸ்துமா இருக்கு, ஹாஃப் மராத்தான் ஓட ஆசை. பம்ப் அடிச்சுட்டு ஓடறது சரியா?

ஈரமணல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போயிரும், பொறுத்துக்கங்க.

வயசு 34. சின்ன வயசுலேர்ந்தே இளைப்பு. ஸ்கூல்ல பி.டி. பீரியட் வந்தா மத்த பசங்க விளையாடுவாங்க, நான் ஓரமா உட்கார்ந்து அவங்க பையெல்லாம் பார்த்துக்குவேன். வளர வளர குறைஞ்சுது, சுத்தமா போகல. ரெண்டு வருஷம் முன்னாடி நடக்க ஆரம்பிச்சேன், நடை ஓட்டமாச்சு, இப்ப 10 கிலோமீட்டர் 68 நிமிஷத்துல ஓடறேன். ஓடி முடிச்சு நிக்கும்போது வர்ற சந்தோஷம் வேற எதுலயும் எனக்கு கிடைச்சதில்ல, அதான் விட மனசு வரல. அடுத்தது 21.1 ஓடணும்னு ஆசை. அதுக்கு 5 மாசம் இருக்கு.

பிரச்சனை இதுதான். முதல் ரெண்டு கிலோமீட்டர்ல நெஞ்சு இறுகுது, அப்புறம் தானா விட்டுருது. ஆனா முடிச்சுட்டு அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு இருமல் ஆரம்பிச்சு விசில் சத்தம் வருது, அது போக ஒரு மணி நேரம் ஆகுது. வாரத்துக்கு 5 நாள் ஓடறேன், ஓடறதுக்கு முன்னாடி நீல கலர் பம்ப் 2 பஃப், சில நாள் நடுவுல நின்னு இன்னும் 2. வாரத்துல ஒரு ராத்திரியாவது மூணு மணிக்கு இருமி எழுந்துக்கறேன், அப்பவும் அதே பம்ப்தான். 200 பஃப் பம்ப் ஒண்ணு ரெண்டு மாசத்துல காலியாயிருது. வேற மருந்து எதுவும் எடுக்கல.

எங்க ரன்னிங் குரூப்ல கோச் மாதிரி இருக்கற ஒருத்தர் "பம்பை விட்டுரு, மூக்கால மட்டும் மூச்சு விட்டு ஓடு, நுரையீரல் தானா பழகிக்கும்"னு சொல்றார். அம்மா ஓட்டத்தையே விடச் சொல்றாங்க, நான் கிளம்பற ஒவ்வொரு நாளும் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கறாங்க. பம்ப் பழகிருமா? எனக்கு இந்த தூரம் ஆசைப்படலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

மழைக்குருவி:

தம்பி, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு ஆறு வயசுலேர்ந்து ஆஸ்துமா, இப்ப 41, நாலு ஃபுல் மராத்தான் முடிச்சிருக்கேன். அதனால ஆசைப்படலாமாங்கற கேள்விக்கு தாராளமா படலாம்னு முதல்லயே சொல்லிடறேன். பிரிட்டன் ஓட்டக்காரி பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயசுல ஆஸ்துமான்னு தெரிஞ்சுது, அவங்கதான் 2003 லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட்ல ஓடினாங்க, அந்த ரெக்கார்டை 2019 வரைக்கும் ஒரு பொண்ணாலயும் உடைக்க முடியல.

ஆனா நீங்க இப்ப ஓடற விதத்துல 21-க்கு போகாதீங்க. இதை ஒரு அக்காவா கண்டிப்பா சொல்றேன். நீங்க எழுதினதுல எனக்கு பயம் தந்தது ஓட்டம் இல்ல, ராத்திரி மூணு மணி இருமலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு பம்பும்தான். நானும் அப்படியேதான் இருந்தேன். நீல பம்ப் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல மூச்சு திறந்துக்கும், அப்ப எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டு ஓடுவேன். என்னோட முதல் ஹாஃப்ல 16-வது கிலோமீட்டர்ல நின்னுட்டேன், பம்ப் அடிச்சேன், கேக்கல, மறுபடி அடிச்சேன், கேக்கல, ஒரு வார்த்தை முழுசா பேச வரல. பக்கத்துல ஓடிட்டிருந்தவர் தன்னோட ரேஸை விட்டுட்டு என்னை உட்கார வச்சு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூடவே இருந்தார். அவர் முகம் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னதுதான் எல்லாத்தையும் மாத்திச்சு. நீல பம்ப் சுருங்கின மூச்சுக்குழாயை கொஞ்ச நேரம் விரிச்சு விடும், அவ்வளவுதான். குழாய்க்குள்ள இருக்கற வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தை குறைக்கறது தினமும் எடுக்கற ஸ்டீராய்டு இன்ஹேலர், அதான் ப்ரிவெண்டர். ஸ்டீராய்டுன்னு கேட்டதும் நானும் பயந்தேன், பாடி பில்டிங்ல போடறது வேற இது வேற, அதுவும் இன்ஹேலர்ல போறது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில மில்லிகிராம் கணக்கு. எடுத்து முடிச்சதும் வாயை நல்லா கொப்பளிச்சு துப்பிரணும், இல்லன்னா வாய்ல வெள்ளையா படியும், குரல் கம்மும்.

ஒரே நாள்ல தெரியாது. எனக்கு நாலு வாரம் ஆச்சு. அஞ்சாவது வாரம் ஒரு நாள் ஓடி முடிச்சு ஷூ கழட்டிட்டு இருக்கும்போதுதான் கவனிச்சேன், இருமலே வரல. அன்னிக்கு அழுதுட்டேன்.

இன்னொண்ணு, பம்ப் அடிக்கற முறை. நான் முப்பது வருஷமா தப்பா அடிச்சிருக்கேன், அழுத்தின பிறகு இழுப்பேன், மருந்து பூரா நாக்குலயும் தொண்டையிலயும். நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, இழுத்துக்கிட்டே போய் பத்து எண்ணற வரை அடக்கணும். ஸ்பேசர், அதான் பம்ப்ல மாட்டற குழல், வச்சு அடிச்சா இந்த டைமிங் தொல்லையே இல்ல. பவுடர் டைப் இன்ஹேலர்னா நேர் எதிர், வேகமா பலமா இழுக்கணும். டாக்டர் முன்னாடி ஒரு தடவை அடிச்சு காட்டுங்க.

---

நெடுமூச்சு:

எனக்கும் இளைப்பு இருந்துச்சு ப்ரோ, ஒரு வருஷம் மூச்சுப்பயிற்சி பண்ணேன், பம்பை தூக்கி போட்டுட்டேன், இப்ப நல்லா ஓடறேன். மருந்து உடம்பை சோம்பேறி ஆக்கிரும், உங்க கோச் சொல்றதுதான் சரி. பயப்படாம விட்டுட்டு பாருங்க.

---

நெஞ்சொலி:

நான் டாக்டர் இல்ல. நுரையீரல் டெஸ்ட் எடுக்கற டெக்னீசியன், தினமும் ஊதச் சொல்லி கிராஃப் பார்க்கறதுதான் என் வேலை. மேல நெடுமூச்சு சொன்னதுக்கு பதில் சொல்லாம போக மனசு வரல. நீங்க நல்லா இருக்கறது உண்மையிலேயே சந்தோஷம் நண்பரே, சிலருக்கு வருஷக்கணக்கா தொந்தரவே இல்லாம போகும். மூச்சுப்பயிற்சியும் வீண் இல்ல, பதட்டத்துல வேகவேகமா மூச்சு விடறதை அது குறைக்கும். ஆனா குழாயோட வீக்கத்தை குறைக்காது. ராத்திரி இருமி எழுந்துக்கற ஒருத்தர் கிட்ட பம்பை விட்டுட்டு பாருங்கன்னு சொல்லாதீங்க, அப்படி விட்டுட்டு மோசமான நிலைமையில வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

ஈரமணல், ஓடும்போது என்ன நடக்குதுன்னு சொல்றேன், புரிஞ்சா நீங்களே முடிவெடுக்கலாம். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் காத்துதான் உள்ள போய் வருது. பலமா ஓடும்போது அது 100 லிட்டரையும் தாண்டலாம். அவ்வளவு காத்தை மூக்கால சமாளிக்க முடியாது, வாய் திறந்துக்கும், அப்ப காத்து ஈரமாகாம சூடாகாம நேரா உள்ள போகுது. குழாயோட உள் சுவர்ல இருக்கற ஈரம் வத்துது, மிச்ச ஈரத்துல உப்பு கெட்டியாகுது, அது அங்க இருக்கற மாஸ்ட் செல்ங்கற நோய் எதிர்ப்பு செல்களை தூண்டி ஹிஸ்டமின், லூகோட்ரைன்ங்கற வேதிப்பொருளெல்லாம் வெளிய வந்து தசை இறுகுது. ஓடி முடிச்ச 5-லேர்ந்து 15 நிமிஷத்துல உச்சத்துக்கு போய் அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கறது இதனாலதான், நீங்க எழுதின கணக்கு அச்சு அசலா அதேதான். மூக்கால மூச்சு விடச் சொல்றதுலயும் ஒரு உண்மை இருக்கு, மெதுவா ஓடற ஈஸி ரன்ல அது காத்தை ஈரமாக்கி அனுப்பும், நல்லதுதான். வேகம் கூடினா அது நடக்காத காரியம்.

பம்ப் பழகிருமான்னு கேட்டீங்க. போதை மாதிரி பழகாது. ஆனா நீல பம்பை மட்டும் தினமும் அடிச்சுட்டே இருந்தா அது தர்ற பாதுகாப்பு குறையும், ஓட்டத்துக்கு முன்னாடி அடிச்சாலும் முன்ன மாதிரி நேரம் தாங்காது. உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டுதல் தர்ற ஜினா அமைப்பு 2019-லேர்ந்தே நீல பம்பை மட்டும் தனியா நம்பி இருக்க வேண்டாம், கூட ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கணும்னு மாத்திட்டாங்க. வருஷத்துக்கு 200 பஃப் பம்ப் 3 அல்லது அதுக்கு மேல காலியானா திடீர் தாக்குதல் வர்ற ஆபத்து கூடுதுன்னும் சொல்றாங்க. உங்க கணக்குல வருஷத்துக்கு 6.

டெஸ்டுக்கு போனா ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. உட்கார்ந்து ஊதற ஸ்பைரோமெட்ரி நார்மல்னு வந்துரலாம், உடனே உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிருவாங்க. ஓட்டத்துல வர்ற தொந்தரவுன்னு சொல்லி உடற்பயிற்சி டெஸ்ட் கேளுங்க. ட்ரெட்மில்ல 6-லேர்ந்து 8 நிமிஷம் நல்லா வேகமா ஓட விட்டு, நிறுத்தின பிறகு அரை மணி நேரம் வரைக்கும் விட்டு விட்டு ஊதச் சொல்லுவாங்க. முதல் செகண்ட்ல ஊதற அளவு 10 சதவீதமோ அதுக்கு மேலயோ விழுந்தா ஓட்டத்தால குழாய் சுருங்குதுன்னு அர்த்தம். டெஸ்டுக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி பம்பை நிறுத்தணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கங்க.

ஆஸ்துமான்னு நினைச்சுட்டு வர்ற சில பேருக்கு வேற பிரச்சனை இருக்கும், அதையும் இங்க சொல்லிடறேன், படிக்கற யாருக்காவது உதவும். உச்ச வேகத்துல இருக்கும்போது தொண்டையில அடைக்கற மாதிரி இருந்து, மூச்சு உள்ள இழுக்கும்போது சத்தம் வந்து, நின்ன சில நிமிஷத்துல சரியாகி, பம்ப் அடிச்சும் ஒரு வித்தியாசமும் தெரியலன்னா அது குரல்வளை சுருங்கறதா இருக்கலாம். அதுக்கு பம்ப் டோஸை கூட்டிட்டே போறதுல பலன் இல்ல, மூச்சுவிடற முறையை சொல்லிக் கொடுக்கற தெரபிதான். ரத்தத்துல இரும்புச்சத்து கம்மியா இருந்தாலும் ஓடும்போது மூச்சு வாங்கும், குறிப்பா நீண்ட தூரம் ஓடற பெண்கள் அதையும் பார்த்துடறது நல்லது.

---

அலைமேல்:

நான் ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த போட்டி) பண்றவன், ஆஸ்துமாவோட எட்டு வருஷம். ட்ரெய்னிங் பக்கம் மட்டும் எழுதறேன்.

முதல் ரெண்டு கிலோமீட்டர் இறுக்கம்னு சொன்னீங்கல்ல, வார்ம்அப்ல நிறைய சரி பண்ணலாம். பத்து நிமிஷம் மெதுவா, அப்புறம் 30 செகண்ட் வேகம் ஒரு நிமிஷம் நடைன்னு ஆறு எட்டு தடவை, அப்புறம் கொஞ்சம் ஓய்வு. ஆஸ்துமாக்காரங்கள்ல பாதி பேருக்கு ஒரு தடவை சுருங்கி விரிஞ்ச பிறகு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் வரைக்கும் குழாய் அவ்வளவா சுருங்காது, வார்ம்அப் அதைத்தான் பயன்படுத்திக்குது. உங்களுக்கு தானா விட்டுருதுன்னு எழுதினதைப் பார்த்தா நீங்க அந்த பாதியில இருக்கலாம்னு தோணுது. டாக்டர் ஓட்டத்துக்கு முன்னாடி பஃப் எடுக்கச் சொன்னா கால் மணி நேரம் முன்னாடி எடுங்க, ஸ்டார்ட் லைன்ல நின்னு எடுக்காதீங்க. எடுத்த பிறகு இதய துடிப்பு கொஞ்சம் கூடும், கை லேசா நடுங்கும், வாட்ச்ல ஹார்ட் ரேட் பார்த்து பேஸ் வைக்கறவங்க அன்னிக்கு உடம்பு சொல்றதை வச்சு ஓடுங்க.

ஓடி முடிச்சு டக்குனு நிக்காதீங்க, பத்து நிமிஷம் நடந்து இறங்குங்க.

காத்து எப்படி இருக்குன்னு பார்க்காம வெளிய போறதே இல்ல நான். பிஎம் 2.5, அதான் காத்துல இருக்கற நுண்தூசி, அதிகமா இருந்தா வீட்டுக்குள்ள ஓட்டம். ஓசோன்ங்கற மாசு வாயு மத்தியானம் வெயில்ல ஏறும், அதனால கோடையில காலை. எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 2008-ல காத்து மாசுக்கு பயந்து, தன் ஆஸ்துமாவை சொல்லியே, பெய்ஜிங் ஒலிம்பிக் மராத்தானை விட்டுக் கொடுத்தார். அதுக்கு பதிலா 10,000 மீட்டர் ஓடி ஆறாவது வந்தார். அடுத்த மாசமே பெர்லின்ல 2:03:59 ஓடி உலக சாதனை. ஒரு நாள் ரன்னை விட்டா ஃபிட்னஸ் போயிருமோன்னு தோணும்போதெல்லாம் இதைத்தான் நினைச்சுக்குவேன்.

சளி காய்ச்சல் வந்து போன பிறகும் சில வாரம் குழாய் ரொம்ப தொட்டா சுருங்கியா இருக்கும், அப்ப இன்டர்வல், அதான் வேகமும் மெதுவுமா மாத்தி மாத்தி ஓடறது, வேண்டாம். நீச்சல் நல்லதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஈரக் காத்து இருக்கறதால நல்லதுதான், ஆனா மூடின குளத்துல தண்ணி மேல தேங்கி நிக்கற குளோரின் வாடை பல பேருக்கு ஆகாது. குளத்துல இறங்கறதுக்கு முன்னாடியே கண் எரிஞ்சா நான் திரும்பிருவேன்.

வலி மாத்திரை பத்தி யாரும் சொல்லல. லாங் ரன்னுக்கு முன்னாடி ஐபுப்ரோஃபென் போட்டுட்டு ஓடற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. ஆஸ்துமா இருக்கற சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையே கடுமையான தாக்குதலை கிளப்பிரும். ரேஸ்ல பக்கத்துல ஓடறவர் நீட்டினா வாங்காதீங்க.

போட்டி விதி: ஊக்கமருந்து சோதனை இருக்கற லெவலுக்கு போனா மட்டும் கவலை. ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு தடை இல்ல. சால்பியூட்டமால் இன்ஹேலர், அதான் நீல பம்ப், 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம் வரைக்கும், அதுவும் எந்த 8 மணி நேரத்துலயும் 600-ஐ தாண்டாம அனுமதி, பொதுவா ஒரு பஃப் 100. அதையே மாத்திரையா சிரப்பா எடுத்தா தடை, அதே மாதிரி இன்னொரு மருந்தான டெர்பியூட்டலின் இன்ஹேலருக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். 1972 மியூனிக்ல ரிக் டிமான்ட்னு 16 வயசு பையன் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம் ஜெயிச்சான். ஆஸ்துமா மருந்துல இருந்த எஃபெட்ரினால அதை பிடுங்கிட்டாங்க. இத்தனைக்கும் என்ன மருந்து எடுக்கறேன்னு ஃபார்ம்ல முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தான், அவனோட டீம் அதிகாரிங்க அதை மேல கொண்டு போகல. படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். அடுத்த வருஷமே 400 மீட்டரை 4 நிமிஷத்துக்குள்ள நீந்தின முதல் ஆள் ஆனான்.

---

பூவரசு:

என் பொண்ணுக்கு 13 வயசு, ஸ்கூல் கிராஸ் கன்ட்ரி டீம்ல சேரணும்னு அடம். இவ்வளவு நாள் வேண்டாம்னே சொல்லிட்டிருந்தேன். ஈரமணல், உங்க அம்மா வாசல்ல நிக்கறதை படிச்சதும் என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. அவங்களுக்கு என்ன பண்ணணும்னு தெரியாததுதான் பயம். தாக்குதல் வந்தா என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதி அவங்க கையில கொடுங்க. எங்க டாக்டர் எழுதிக் கொடுத்தது: நிமிர்ந்து உட்கார வை, படுக்க வைக்காதே, ஸ்பேசர்ல ஒவ்வொரு பஃப்பா கொடு, கேக்கலன்னாலோ முழு வாக்கியம் பேச முடியலன்னாலோ உதடு நீலமானாலோ உடனே ஆம்புலன்ஸ். அந்த தாளை ஃபிரிட்ஜ்ல ஒட்டின நாள்லேர்ந்துதான் நான் தூங்கறேன். நாளைக்கு அவளை டீம்ல சேர்க்கப் போறேன்.

---

ஈரமணல்:

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன், எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியல.

நெஞ்சொலி சொன்னது அப்படியே நடந்துச்சு. உட்கார்ந்து ஊதினப்ப நார்மல். ட்ரெட்மில் டெஸ்ட் வேணும்னு கேட்டேன், ஓடின பிறகு பத்தாவது நிமிஷம் 19 சதவீதம் விழுந்துச்சு. கிராஃபை பார்த்தப்ப வருத்தத்தை விட நிம்மதிதான் அதிகம், இத்தனை வருஷம் "உனக்கு ஸ்டாமினா இல்ல"ன்னு கேட்டு கேட்டு நானே நம்பிட்டேன். தினமும் காலை ராத்திரி ப்ரிவெண்டர். பம்ப் அடிச்சு காட்டச் சொன்னாங்க, மழைக்குருவி அக்கா சொன்ன அதே தப்பு, அழுத்தின பிறகு இழுத்துட்டு இருந்திருக்கேன்.

முதல் மூணு வாரம் ஈஸி ரன் மட்டும்தான். பீக் ஃப்ளோ மீட்டர்ல, அதான் எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு காட்டற கருவியில, காலையில ஊதி நோட்ல எழுதறேன், என் பெஸ்ட் 520, அதுல 80 சதவீதத்துக்கு கீழ வந்தா அன்னிக்கு ஓட்டம் இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒரு தடவை சளி பிடிச்சப்ப 400 வந்துச்சு, ஓடல. ராத்திரி இருமல் நின்னு மூணு வாரம் ஆச்சு. நீல பம்ப் போன வாரம் பூரா ரெண்டு பஃப்தான். போன ஞாயித்துக்கிழமை 14 கிலோமீட்டர், முடிச்சுட்டு கால் மணி நேரம் உட்கார்ந்து காத்துட்டே இருந்தேன், விசில் வரவே இல்ல.

தாள் எழுதி அம்மாகிட்ட கொடுத்தேன். ஸ்பேசர்ல எப்படி கொடுக்கறதுன்னு என்கிட்ட ரெண்டு தடவை செஞ்சு காட்டச் சொல்லி பார்த்துக்கிட்டாங்க. இப்பவும் வாசல்ல நிக்கறாங்க, ஆனா எத்தனை கிலோமீட்டர்னு கேக்கறாங்க.

ஒரே ஒரு சந்தேகம், ரேஸ்ல பம்பை எங்க வச்சுக்கறீங்க? பாக்கெட்ல குதிச்சுட்டே இருக்கு.

---

மழைக்குருவி:

படிச்சு கண்ணு கலங்கிருச்சு தம்பி.

இடுப்புல இறுக்கமா கட்டற ரன்னிங் பெல்ட், முதுகு பக்கம் வர்ற மாதிரி. மூடி கட்டாயம் போட்டிருக்கணும், இல்லன்னா பம்ப் வாய்ல தூசி துணி நூல் எல்லாம் போய் உட்கார்ந்துக்கும், அடிக்கும்போது அது உள்ள போகும். குளிர் அதிகமா இருந்தா சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கங்க, டப்பா ஜில்லுனு ஆனா சரியா பீச்சாது. வெயில்ல கார்ல விட்டுட்டு போகாதீங்க. முதல் நாள் ராத்திரியே எத்தனை பஃப் மிச்சம் இருக்குன்னு கவுண்டரை பாருங்க, கொஞ்ச நாள் எடுக்காம இருந்த பம்ப்னா வெளிய பீச்சி பார்த்துட்டு வைங்க. சட்டையில குத்தற பிப் நம்பர் தாளுக்கு பின்னாடி பேர், ஆஸ்துமா, என்ன மருந்து, அம்மா நம்பர், பேனாவால எழுதிருங்க. ரேஸ் முடிஞ்சதும் நேரத்தை இங்க போடுங்க, காத்துட்டு இருப்பேன்.